மூன்று முள்ளும் ஒரு சராசரியும்

உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்திருக்கிறது. அடுத்த தெரு காய்ந்து கிடக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்த ஒருவர், "மொத்தத்தில் யாருமே நனையவில்லை" என்று சொன்னால் அவரை என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்களா, சட்டையைப் பிடிப்பீர்களா? அவசரப்படாதீர்கள். அப்படிச் சொன்னவர் கெட்டவர் இல்லை. அவர் போட்ட கணக்கிலும் பிழை இல்லை. சங்கடமே அங்கேதான் இருக்கிறது. சொன்னவர் கூடப்பிறந்த தம்பியாகவும் இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பு.

அந்தத் தம்பியை எல்லோரும் பிராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் பம்பு ஹவுஸில் வேலை. தலையில் நரை ஏறிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "உனக்கு வாய்க்கிறவளும் உன் கணக்குக்குள்ள அடங்கணுமே" என்று அக்கா வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சாப்பாடு அக்கா வீட்டில், தூக்கம் வேறொரு வீட்டு மாடியில் ஒரு வாடகை அறையில், மீதி வாழ்க்கை முழுவதும் பம்பு ஹவுஸில்.

பம்பு ஹவுஸ் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஓர் அறை. நடுவில் தெருத் தண்ணீரை இழுத்து ஆற்றில் கொட்டும், பச்சை வண்ணம் அடித்த ராட்சசப் பம்பு. சுவரில் வரிசையாக மூன்று வட்டமான கருவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு முள். மேட்டுத் தெரு, நடுத் தெரு, பள்ளத் தெரு என்று மூன்று தெருக்களின் மழைநீர் வாய்க்கால்களிலும் மிதவைகள் கிடந்தன. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மிதவை ஏறினால் இங்கே முள் நகரும். தெருத் தரையின் மட்டம்தான் சைபர். தண்ணீர் தரைக்குக் கீழே வாய்க்காலுக்குள் இருந்தால் மைனஸ், தரையைத் தாண்டி மேலே வந்தால் பிளஸ். எல்லாம் சென்டிமீட்டரில்.

முட்களுக்குக் கீழே ஒரு கரும்பலகை. அதில்தான் கணக்கு. மூன்றையும் கூட்டு, மூன்றால் வகு. வந்த எண் பிளஸ் என்றால் பம்பைப் போடு. மைனஸ் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். சட்டம் அவ்வளவுதான். முன்பு வேலை பார்த்தவர் ஒருவர் தண்ணீர் இல்லாதபோது பம்பை ஓடவிட்டு அதன் உயிரை வாங்கிவிட்டாராம். பம்பும் போனது, அவர் வேலையும் போனது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. பிராக்கெட் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார்.

பட்டப்பெயர் வந்த கதையும் இந்தப் பலகையில்தான் நடந்தது. மாற்று ஷிப்டுக்கு வருபவரின் பட்டப்பெயர் வானிலை. மழை வரும் என்று அவர் சொன்னால் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், அதனால் அந்தப் பெயர். ஒருநாள் முட்கள் மைனஸ் இருபது, மைனஸ் பத்து, பிளஸ் நாற்பத்தைந்து என்று காட்டின. வானிலை கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "மைனஸ் பதினஞ்சு. பம்பு வேண்டாம்" என்று காலை நீட்டினார்.

ஷிப்டு மாற வந்த நம் ஆள் கூரையே இடிந்து விழுந்ததுபோல அலறினார். "யோவ், எப்படித் தட்டினே?"

"எப்படின்னா? மைனஸ் இருபது, மைனஸ் பத்து, பிளஸ் நாப்பத்தஞ்சு, வகுத்தல் மூணு."

"பிராக்கெட் எங்கய்யா?"

"எந்த பிராக்கெட்?"

"மூணையும் சுத்திப் போடவேண்டிய பிராக்கெட்! நீ போடலைன்னா அந்த மெஷின் நாப்பத்தஞ்சை மட்டும் மூணால வகுக்கும். கூட்டலுக்கு முன்னாடி வகுத்தல்தானே வரும்? பள்ளத் தெருக்காரனை மட்டும் மூணு துண்டாக்கிட்டு, மத்தவங்களை முழுசா உட்கார வச்சிருக்கே."

பலகையில் எழுதிக் காட்டினார்: (−20 −10 +45) ÷ 3 = +5. பம்பு ஓடியது. அன்றிலிருந்து டீக்கடைவரை அவர் பிராக்கெட். அந்தப் பெயரில் அவருக்கு ரகசியமாகப் பெருமையும் உண்டு. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதில்தான் நியாயமே அடங்கியிருக்கிறது என்பார். சரியான பேச்சு. அந்தக் கேள்வியைப் பிராக்கெட்டுக்கு உள்ளேயே நிறுத்திக்கொண்டார் என்பதுதான் குறை.

அக்கா வீடு பள்ளத் தெருவில். முன்பக்கம் சலவைக் கடை, பின்பக்கம் குடும்பம். கடையில் இரண்டு தேய்க்கும் மேசைகள், சுவர் முழுக்க அலமாரி, அதில் ஊரார் துணிகள் மூட்டை மூட்டையாக. அந்த மழைக்காலத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்துவிட்டது. இரண்டாவது முறை வந்தபோது கீழ்த்தட்டுத் துணிகளைச் சேறு தின்றது. வாடிக்கையாளர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் அக்கா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு வெளியே வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா, கடையை மூடிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவோம்."

பெண் வீடு வேறு ஊர். ரயிலேறிப் போக வேண்டும். பிராக்கெட் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அவருக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு வீடுதான்.

மூன்றாவது முறை, மழை விடிய விடியப் பெய்து, வெளுக்கும்போது நின்றது. ஷிப்டில் பிராக்கெட். முட்கள் மைனஸ் இருபது, மைனஸ் முப்பது, பிளஸ் ஐந்து. கூட்டினால் மைனஸ் நாற்பத்தைந்து. வகுத்தால் மைனஸ் பதினைந்து. பம்பு வேண்டாம். மழையும் விட்டுவிட்டது, இனி வடியும் என்று டீ குடித்தார்.

வெயில் ஏறியபோது தொலைபேசி அடித்தது.

"டேய், நான்தான். வாசல்ல முழங்கால், உள்ள கணுக்கால். பம்பைப் போட்டியா இல்லையா?"

அவர் திரும்பி முட்களைப் பார்த்தார். அவசரமாகச் சாக்பீஸை எடுத்தார். மைனஸ் அறுபது, மைனஸ் முப்பது, பிளஸ் நாற்பத்தைந்து. பிராக்கெட் போட்டார். கூட்டினார். வகுத்தார்.

"அக்கா... மைனஸ் பதினஞ்சுதான் வருது."

"என்னது?"

"சராசரி. சைபருக்குக் கீழ இருக்கு. பம்பு போடக்கூடாது."

அந்தப் பக்கம் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல், கோபமே இல்லாமல் வந்தது. "மேட்டுத் தெருவுல தண்ணி இல்லேன்னு என் வீட்டுத் தண்ணியைக் கணக்குல கழிச்சிட்டியா?"

"கழிக்கலக்கா, கூட்டினேன். மைனஸைக் கூட்டினா..."

"என்னமோ பண்ணுனேல்ல? அப்படிப் பண்ணுனதுல என் தண்ணி காணாமப் போச்சுல்ல? போன தண்ணி எங்கடா? இங்கதானே நிக்குது, என் காலைச் சுத்தி!"

பின்னால் அக்கா வீட்டுக்காரரின் குரல்: "மாப்ளகிட்ட சொல்லு, நான் மேசை மேல ஏறி உட்கார்ந்திருக்கேன், நானும் இப்ப பிளஸ்தான்னு."

"நீங்க சும்மா இருங்க. டேய், நான் மூட்டை கட்டுறேன். சாயங்காலம் வந்து அலமாரியை இறக்க ஒரு கை குடு. அதுக்காவது உன் சராசரி விடுதான்னு கேட்டுக்கோ."

வைத்துவிட்டாள்.

பிராக்கெட் சாக்பீஸும் கையுமாக நின்றார். மழை நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. வானம் வெறிச்சென்றிருக்கிறது. பிறகு பள்ளத் தெருவில் ஏன் தண்ணீர் ஏற வேண்டும்? விடியற்காலையில் எழுதிய வரி பலகையில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இப்போது எழுதிய வரி. இரண்டையும் பார்த்தார்.

மேட்டுத் தெரு: மைனஸ் இருபதிலிருந்து மைனஸ் அறுபதுக்குப் போயிருக்கிறது. மாற்றம், மைனஸ் நாற்பது.

நடுத் தெரு: அப்படியே.

பள்ளத் தெரு: ஐந்திலிருந்து நாற்பத்தைந்து. மாற்றம், பிளஸ் நாற்பது.

நாற்பதும் நாற்பதும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. சுவரில் இரண்டு முட்கள் அத்தனை தூரம் நகர்ந்திருக்கின்றன. அவர் கணக்கில் வந்த எண் மட்டும் ஒரு இம்மியும் அசையவில்லை. இந்தக் கணக்கை நம்பி உட்கார்ந்திருந்தால் பள்ளத் தெருவின் கூரைவரை தண்ணீர் போனாலும், மேட்டுத் தெரு அதே அளவு காய்ந்துகொண்டிருக்கும்வரை, பம்பு தூங்கும்.

வானிலை ஷிப்டு மாற்ற உள்ளே வந்தார். "இன்னிக்கு மழையே வராது, எழுதி வச்சுக்கோ" என்றார். பிராக்கெட் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் மேட்டுத் தெரு. தரை ஈரம்கூட இல்லாமல் பளிச்சென்றிருந்தது. வாசல்களில் பூந்தொட்டிகள். தெருமுனையில் புதிதாக ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தொடை பருமனில் ஒரு ரப்பர் குழாய் நடுத் தெருவைத் தாண்டி இறக்கத்தில் போனது. குழாயின் மறுமுனை எங்கே இருக்கும் என்று பார்க்க அவர் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை, சைக்கிள் தானாகப் பள்ளத் தெருவுக்கு உருண்டிருக்கும்.

கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுத் தெரு நலச் சங்கத்தின் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"பம்பு ஹவுஸ்காரர்தானே நீங்க? பாருங்க, எங்க தெருவுல ஒரு சொட்டு நிக்குதா? சங்கத்துல எல்லாரும் சேர்ந்து வாங்கின மோட்டார். பழைய வாய்க்கால் வாயைச் சிமென்ட் வச்சு மூடிட்டோம். திரும்பி வரவே வராது."

"தண்ணி எங்க சார் போகுது?"

"கீழ."

"கீழன்னா?"

"கீழன்னா கீழதான். தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்? அது இயற்கை."

"மோட்டார் எதுக்கு சார் அப்ப? இயற்கைக்கு முடியலையா?"

தலைவர் செய்தித்தாளை விரித்தார். பிராக்கெட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்பு மூன்று தெருக்களின் வாய்க்கால்களும் ஒரே குழாயாக இணைந்திருந்தன. மேல் தெருவில் ஏறினால் கீழ்த் தெருவிலும் ஏறும், இறங்கினால் சேர்ந்து இறங்கும். அந்தக் காலத்தில் மூன்றையும் கூட்டி வகுத்தால் ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது ஒரு தெரு தன்னைத் துண்டித்துக்கொண்டுவிட்டது. அதன் மைனஸ் பெருகப் பெருகப் பள்ளத் தெருவின் பிளஸ் பெருகுகிறது. தண்ணீரை அள்ளிக் கொட்டியதும் அவர்கள்தான். கொட்டியது கணக்கில் தெரியாமல் மறைப்பதும் அவர்களுடைய மைனஸ்தான். இவ்வளவுக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. பொய்யே இல்லாமல் அநியாயம் நடக்க முடியும் என்பதை அவர் அன்றுதான் கண்ணால் கண்டார்.

பள்ளத் தெருவுக்குள் சைக்கிள் போகவில்லை. மேலே நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. முள் காட்டிய நாற்பத்தைந்து எப்படிக் குளிரும் என்று அவருடைய காலுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அக்கா கடைக்குள் துணி மூட்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "எல்லாம் நம்ம தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டாள்.

"தலையில யாரும் எழுதலை" என்றாள் அக்கா. "பம்பு ஹவுஸ் பலகையில எழுதியிருக்கான், இதோ நிக்கிறானே என் தம்பி, இவன்தான் எழுதினான்."

மேசை மேல் சம்மணம் போட்டிருந்த அக்கா வீட்டுக்காரர், "வாங்க மாப்ள, சராசரியா உட்காருங்க" என்று இடம் ஒதுக்கினார்.

பிராக்கெட் உட்காரவில்லை. தண்ணீரில் நின்றபடியே வார்டுப் பொறியாளரைக் கைபேசியில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பொறியாளர் புதிதாக வந்த இளம்பெண். நேர்மையானவர், ஆனால் சட்டத்தை மீறுவதென்றால் நூறு முறை யோசிப்பவர்.

"மேடம், நம்ம கணக்குல வரிசை தப்பு."

"நீங்களா அண்ணே தப்புன்னு சொல்றது? பிராக்கெட் போட மறந்துட்டீங்களா?"

"பிராக்கெட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். நாம முதல்ல மூணு தெருவையும் கூட்டிட்டு, அப்புறம் பிளஸா மைனஸான்னு பாக்குறோம். அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு தெருவையும் தனித்தனியாப் பாக்கணும். மைனஸா இருந்தா அங்க தண்ணிப் பிரச்சினை இல்ல, அவ்வளவுதான். அதை சைபர்னு வச்சுக்கணும். காய்ஞ்ச தெருவை வச்சு மூழ்கின தெருவுக்குக் கழிவு குடுக்கக்கூடாது. அப்புறம் கூட்டுங்க. சைபர், சைபர், நாப்பத்தஞ்சு. எது முதல்ல, எது அப்புறம்ங்கிறதுதான் மேடம் வித்தியாசம்." மோட்டாரையும் குழாயையும் பற்றியும் சொன்னார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க அக்கா வீடு அங்கதானே இருக்கு?"

"ஆமா மேடம். அக்கா வீடு இல்லேன்னா நான் இன்னிக்கும் பம்பு ஹவுஸ்லதான் உட்கார்ந்திருப்பேன். அது என் குறை. அதனால கணக்கு தப்பாயிடாது. வேற யார் வீட்டுல நின்னு பார்த்தாலும் இதே விடைதான் வரும்."

"பம்பு காய்ஞ்சு போயிடாதா?"

"அது இழுக்கிறதே பள்ளத் தெருக் கோடியில இருக்கிற வாய்க்கால் தொட்டியிலேர்ந்துதானே? தொட்டி நிரம்பி வழியுது."

பிறகு பொறியாளரே ஒரு படி முன்னால் போனார். "அப்படின்னா மூணால வகுக்கிறதே எதுக்கு? மைனஸெல்லாம் சைபர் ஆகிட்டா, ஒரு தெரு பிளஸ்ல இருந்தாலே கூட்டுத்தொகையும் பிளஸ்தான். வகுத்தாலும் குறி மாறப்போறதில்லை. ஏதாவது ஒரு முள் சைபரைத் தாண்டினா பம்பு. இதுக்குப் பலகையே வேண்டாமேண்ணே."

இது பிராக்கெட்டுக்குத் தோன்றவே இல்லை.

"வானிலைகிட்ட நான் பேசறேன். இன்னிக்கு என் பொறுப்புல ஓடட்டும். ஆனா சட்டத்தை நான் ஒருத்தியா மாத்த முடியாது. அடுத்த வார்டு கூட்டத்துல வச்சு முடிவு பண்ணணும். மேட்டுத் தெருச் சங்கம் மொத்தமா வந்து உட்காரும், உங்க அக்கா தெரு ஆளுங்க வருவாங்களா?"

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். இரண்டு பக்கப் பேச்சையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மூட்டை கட்டுறதை நிறுத்தலை நான்" என்றாள். "ஆனா கூட்டம் முடியறவரைக்கும் ரயில் ஏற மாட்டேன்."

சற்று நேரத்தில் ஆற்றங்கரைப் பக்கமிருந்து பம்பின் குரல் கேட்டது. தண்ணீர் வாசற்படியை விட்டு மெல்ல இறங்கத் தொடங்கியது.

வார்டு கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிகளை நிரப்பியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மேட்டுத் தெருக்காரர்கள். தலைவர் நன்றாகவே பேசினார். ஊரின் சராசரி நீர்மட்டம் இந்த ஆண்டு குறைந்திருக்கிறது, அதற்குத் தங்கள் தெருவின் முயற்சியே காரணம், இப்போது பம்பை நினைத்தபோதெல்லாம் ஓட்டுவது வீண் செலவு என்றார். கைதட்டல் விழுந்தது. பொறியாளர் மூன்று முட்களின் எண்களையும் தனித்தனியாகப் படித்துக் காட்டினார்.

அக்கா எழுந்தாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். துணி எண்ணும் குரலில்தான் பேசினாள்.

"சார், உங்க தெருத் துணியும் என் கடையிலதான் கிடக்குது. போன தடவை சேறானதுல உங்க வெள்ளைச் சட்டையும் ஒண்ணு. நடுத் தெருக்காரர் சட்டை சுத்தமா இருக்கு, அதனால சராசரியா உங்க சட்டையும் சுத்தம்தான்னு குடுத்தா வாங்கிக்குவீங்களா?"

முதலில் சிரித்தது மேட்டுத் தெரு வரிசையிலேயே ஒரு பெண். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார், வேறு வழியில்லாமல். சிரிப்போடு சட்டம் மாறிவிடவில்லை, வாக்குவாதம் நீண்டது. கடைசியில் கை தூக்கச் சொன்னபோது நடுத் தெரு முழுவதும் பள்ளத் தெருவோடு சேர்ந்து தூக்கியது. இனி எந்த ஒரு முள் சைபரைத் தாண்டினாலும் பம்பு ஓடும். மேட்டுத் தெருவின் குழாய் நேரே ஆற்றுக்குத் திருப்பப்பட வேண்டும். இரண்டாவது தீர்மானம் இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. முதலாவது அமலுக்கு வந்துவிட்டது.

அக்கா கூட்டத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போய் மூட்டைகளைப் பிரித்தாள். பிராக்கெட் துணிகளை அலமாரியில் அடுக்கக் கை கொடுத்தார். "கீழ்த்தட்டுலயும் வைடா" என்றாள் அக்கா. அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு வைத்தார்.

ஒரு பம்பு ஹவுஸில் ஒரு கணக்கு திருந்தியது, அவ்வளவுதான். இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஒருவருடைய மிகுதியும் இன்னொருவருடைய குறையும் ஒரே பிராக்கெட்டுக்குள் போய்ச் சத்தமில்லாமல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன. சராசரிக் கூலி, சராசரிப் படிப்பு, சராசரி வசதி என்று நாம் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறோம். இனி ஆட்டாதீர்கள். உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாராவது ஒரு சராசரியை எடுத்துப் படித்தால் எழுந்து நில்லுங்கள். கூட்டுவதற்கு முன்பு இருந்த எண்களைத் தெருவாரியாக, வீடுவாரியாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடிக்கும்வரை உட்காராதீர்கள்.